வேதத்தில் இல்லாதது

"காலண்டர் தாளைக் கிழிச்சு வெச்சுக்கிட்டுப் பிரசங்கம் பண்ண ஒரு பாஸ்டர் எதுக்கு? நாங்களே கிழிச்சுக்குவோமே" என்றார் மூப்பர்.

சபைக் கமிட்டியில் எல்லாரும் சிரித்தார்கள். போதகருக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. காலையில் இரண்டு ஆராதனை, மதியம் ஓர் அடக்கம். அந்த மனிதர் உட்கார்ந்திருந்ததே பெரிது. காலி டீ கோப்பைகளோடு கதவோரம் நின்ற அவர் மனைவிக்கு வயிறு எரிந்தது.

மூப்பர் விடுவதாக இல்லை. அவருக்கு வேதம் தலைகீழ்ப் பாடம். அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார். பழமொழி, பேப்பர் செய்தி, பஸ்ஸில் கேட்ட பேச்சு என்று போதகர் பிரசங்கத்தில் சேர்த்ததையெல்லாம் பிட்டுப் பிட்டு வைத்தார். இனி வேதத்தில் இல்லாத ஒரு வரி வந்தாலும், சபை கொடுத்த வீட்டுச் சாவியை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்றார்.

பிறகு மூப்பர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என் வீட்டுக்காரி போனப்போ நானும் போயிருப்பேன். அடக்கத்துல நீங்க சொன்ன வசனம்தான் தூக்கி நிறுத்துச்சு. 'உழைத்துக் களைத்தவர்களுக்கு நிம்மதியான உறக்கம் உண்டு.' அவ கல்லறையிலயே பொறிச்சு வெச்சிருக்கேன். தினம் போய் அதைப் படிச்சாதான் எனக்குப் பொழுது விடியுது. அது வேதம். உங்க காலண்டர் யாரைத் தாங்கிச்சு? ஒரு ஆளைக் காட்டுங்க, பார்ப்போம்."

போதகர் வாயைத் திறந்தார். மூப்பரின் முகத்தைப் பார்த்தார்.

"யாரும் இல்லீங்க ஐயா. இனிமே வேதம் மட்டும்தான்."

வீடு வரும்வரை மனைவி பொரிந்து தள்ளினாள். அவர் சொன்ன கதை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாரம் தவறாமல் யாராவது வந்து அழுது மனம் ஆறிப் போகிறார்கள். அதில் ஒருத்தரைக் காட்டக் கூடாதா, வாய்க்குப் பூட்டா போட்டிருந்தது என்று கேட்டாள்.

"காட்டியிருக்கலாம்" என்றார், செருப்பைக் கழற்றியபடி. "எதிர்லயேதான் உட்கார்ந்திருந்தாரு."

"யாரு?"

போதகர் அலுத்துப்போய் நாற்காலியில் சாய்ந்தார்.

"அந்தக் கல்லறை வரி வேதத்துல எங்கயும் இல்லம்மா. மெத்தைக் கடை காலண்டர்ல போட்டிருந்தது."