நாற்பதாவது புள்ளி

"ஒரு புள்ளிகூட வரலையே, அண்ணா!"

கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நகத்தைக் கடித்தாள் அவள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அரங்கத்து ஒலிக்காரர் நிதானமாக ஒரு வயரைச் சுருட்டினார்.

"மணி நாலுதானே ஆகுது? ஞாயித்துக்கிழமை. ஜனங்க சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, எழுந்து வரவேணாமா?"

அவள் எழுதிய ப்ரோகிராமுக்குப் பாட்டு தெரியாது. கூட்டம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். அரங்கத்துக்கு வருகிறவர்கள் வாசலில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். கட்டத்தை ஃபோனில் படம் பிடித்தால், ஒரு ஃபோனுக்கு ஒரு புள்ளி திரையில் முளைக்கும். ஃபோனைத் தட்டினால் ஒரு ஸ்வரம். அதை வைத்துக்கொண்டு ஆடினால் தாளம். எல்லாவற்றையும் கோத்து அந்த நிமிடமே ஒரு ஆட்டப் பாட்டு போட்டுவிடும். ஆள் வராவிட்டால் ஆளுயர ஸ்பீக்கர்கள் எல்லாம் கொட்டாவி விடவேண்டியதுதான்.

இதற்காக நல்ல வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. முதல் வாரம் பதினொரு பேர் வந்தார்கள். போன வாரம் ஏழு. "இந்த வாரம் நாற்பது ஃபோனாவது சேரணும்மா. இல்லேன்னா ஹாலைக் கராத்தே கிளாஸுக்கு விட்டுடுவேன்" என்று மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"நான் வேணா போய் எட்டிப் பார்த்துட்டு வரட்டுமா?" என்றார் ஒலிக்காரர். அந்த அறையில் அரங்கத்தைப் பார்க்க இருந்த ஒரே ஜன்னலையும் ஒரு ஸ்பீக்கர் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது.

"வேணாம்ணா. காலியா இருக்குன்னு தெரிஞ்சா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது."

மத்தியானம் அப்பா ஃபோனில் பேசியது ஞாபகம் வந்தது.

"பாப்பா, எத்தனை பேர் வரணும்னாரு அந்த ஆளு?"

"நாப்பதுப்பா. நீங்க ஒண்ணும் வரவேணாம். உங்களுக்குத்தான் என் பாட்டு ஆகாதே."

"வாஷிங் மெஷின்ல செங்கல்லைப் போட்டு ஓட்டின மாதிரி இருக்குன்னுதான் சொன்னேன். ஆகாதுன்னு எப்போ சொன்னேன்? சரி, வைக்கிறேன். கடையில வேலை கிடக்கு."

வைத்தேவிட்டார். ஒரு வார்த்தை, நல்லா பண்ணும்மான்னு சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று அப்போது அவளுக்குக் கண் கலங்கியது.

"அதோ!" என்றார் ஒலிக்காரர்.

ஒரு புள்ளி. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. முட்டாமல் மோதாமல் ஒவ்வொன்றாக வந்தன.

"வரிசையில நின்னு வர்றாங்க போல. என் சர்வீஸ்ல இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்ல."

இருபது. முப்பது. முப்பத்தொன்பதில் வந்து நின்றது. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். அவள் அடுத்த நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள்.

"என் ஃபோனைச் சேர்த்துடட்டுமா?"

"சேச்சே, அது கள்ள ஓட்டு மாதிரிண்ணா. வேணாம்."

ஒலிக்காரர் ஃபோனை மறுபடி பையில் போடுவதற்குள் நாற்பதாவது புள்ளி முளைத்தது. அவள் நாற்காலியை விட்டே எழும்பிவிட்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. போன வாரம் ஏழு பேரும் ஒரே நேரத்தில் தட்டிச் சந்தைக் கூச்சலாக்கினார்கள். இன்று முதல் புள்ளி மின்னியது, பிறகு இரண்டாவது, மூன்றாவது. சொல்லி வைத்தாற்போல் ஒருவர் முடிக்க அடுத்தவர் தட்டினார். முப்பத்தொன்பது வரை போய், அதே வழியில் திரும்பியது. அலை மாதிரி ஒரு மெட்டு ஏறி இறங்கியது.

நாற்பதாவது மட்டும் தட்டவே இல்லை. ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. ப்ரோகிராம் அதைப் பிடித்து மொத்தப் பாட்டுக்கும் தாளமாக்கிக்கொண்டது.

"யாரோ காலேஜ் பையன். இளரத்தம், சும்மா இருக்குமா?" என்று ஒலிக்காரரும் தலையை ஆட்டினார்.

கால் மணி நேரம் கழித்துத் தாளம் தளர்ந்தது. அதோடு மெட்டும் தணிந்து, யாரோ முதுகைத் தடவிக்கொடுப்பதுபோல் மெதுவாக வந்தது. பிறகு அந்தப் புள்ளி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி வேகம் எடுத்தது. இப்படி ஒரு பாட்டு தன் ப்ரோகிராமுக்குள் இருந்தது அவளுக்கே தெரியாது. சந்தோஷத்தில் அழுகை வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு மேலாளர் வந்தார். "போதும்மா, நிறுத்து!"

"சார், நாப்பது ஆயிடுச்சே சார்!"

"கணக்கை விடு. வாசல்ல நின்னுக்கிட்டிருந்த எனக்கே கால் சும்மா நிக்கல. ஹால் உனக்குத்தான். கராத்தேக்கு வேற இடம் பார்த்துக்கட்டும். முதல்ல போய் அந்த மனுஷனை உட்கார வை. விழுந்து கிழுந்து வைக்கப்போறார்."

"அந்த நாற்பதாவது ஆளா? அவர் கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும் சார்!" என்று அவள் அரங்கத்துக்கு ஓடினாள்.

அங்கே கூட்டமே இல்லை. வரிசையாகப் போட்டிருந்த முப்பத்தொன்பது நாற்காலிகளில், பழைய ஃபோன் விற்கும் அப்பா கடையின் விலைச் சீட்டோடு முப்பத்தொன்பது ஃபோன்கள் இருந்தன. வேர்த்து விறுவிறுத்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே ஓடிய அப்பாவின் சட்டைப்பையில் நாற்பதாவது குதித்துக்கொண்டிருந்தது.