ரசத்தில் ஒரு முடி

"ரசத்தில் முடி கிடக்கிறது. பரிமாற விடமாட்டேன்," என்று அடுப்பு தன் மூடியைப் பூட்டிக்கொண்டது.

சோற்றில் முடி கிடந்தால் வீட்டையே இரண்டாக்கும் சங்கரலிங்கம் ஆசையாக வாங்கிய, சமையலைச் சோதித்துக் குறை சொல்லும் காவல் அடுப்பு அது. மனைவி செண்பகமோ, "முடி கெடந்தா உறவு நெலைக்கும்லா" என்று சமாளிப்பாள்.

அவர் வழுக்கை. அவள் முடியும் புற்றுநோய் மருந்தில் கொட்டித் தீர்ந்தது. கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள். ஐந்து மாதமாக அடுப்பும் வாய் திறக்கவில்லை.

இன்று அது ரசத்திலிருந்து எடுத்து நீட்டிய தட்டில் அரிசி நீளத்துக்கு ஒரு கறுப்பு முடி!

"ஏளா செண்பகம், தலையத் தடவிப் பாரு!"

தடவியவள் சிரித்துவிட்டாள். "குறுகுறுங்குது! சரி, ரசத்தக் கொட்டிரட்டா?"

"கொட்டவா?" அவர் பூட்டை நெம்பித் திறந்து இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டார். "உறவு நெலைக்க வேண்டாமா?"