ஒற்றை வெடி

பரணில் கோணிப்பை மட்டும் கிடந்தது.

கிழவர் மறுபடியும் உள்ளே கையை விட்டுத் துழாவினார். தூசிதான் வந்தது.

துப்பாக்கியைக் காணோம். பேரன் மாதேசையும் காணோம். தட்டில் சோறு போட்டது போட்டபடி இருந்தது.

நேற்று பள்ளிக்கூடத்தில் நாலு பையன்கள் சேர்ந்து அவன் துணியை உருவி, செல்போனில் படம் எடுத்து ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டு வந்தான்.

"ஆம்பளப் பையன் அழுதுக்கிட்டா வருவான்? போடா அந்தாண்ட."

அவர்தான் சொன்னார்.

ஓடினார். எழுபது வயதுக் கால் எவ்வளவு ஓடுமோ அவ்வளவு.

ரோட்டு வழியாக அவன் போகவில்லை. ஓடை மணலில் செருப்புத் தடம். பக்கத்திலேயே துப்பாக்கிக் கட்டையை ஊன்றிய குழி, அடிக்கு ஒன்றாக.

நாட்டுத் துப்பாக்கி. மருந்தும் ரவையும் திணித்துவிட்டால் சுட்டுத்தான் காலி பண்ண முடியும். நேற்றுச் சாயங்காலம் காட்டுப்பன்றிக்கென்று திணித்தது. பன்றி வரவில்லை.

விசைக்கு அடியில் மாட்டுகிற கேப்பு இல்லாமல் வெடிக்காது. மடியைத் தொட்டார். கேப்பு டப்பா இருந்தது. மூச்சு வந்தது.

பத்தடி போனதும் அந்த மூச்சும் போயிற்று. கேப்பை நேற்றே மாட்டியாகிவிட்டது. கழற்றச் சோம்பல்பட்டு அப்படியே பரணில் ஏற்றியவரும் அவர்தான்.

ஒரே வெடி. மறுபடி திணிக்க அவனுக்குத் தெரியாது. ஒன்றோடு போகும்.

ஒன்று.

எந்த வீட்டுப் பிள்ளை?

போன மாதம் தண்டோரா போட்டார்கள். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைக் கோயில் புளியமரத்தடியில் போட்டுவிட்டுப் போகலாம், கேஸ் இல்லை, பேர்கூடக் கேட்கமாட்டோம். ஊரே கொண்டுபோய்ப் போட்டது. போலீஸ்காரன் பேச்சை எவன் நம்புவான் என்று இவர் துருப்பிடித்த குழல் ஒன்றைப் போட்டார். நல்லதை வைத்துக்கொண்டார்.

ஓடை ரோட்டில் ஏறுகிற இடத்தில் போலீஸ் ஸ்டேஷன். பள்ளிக்கூடம் மேட்டுக்கு மேலே. அந்த மேட்டை ஏறி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

ஸ்டேஷன் படியைப் பிடித்து ஏறினார்.

"சாமி, ஒரு துப்பாக்கி ஒப்படைக்கணும்."

மேசையில் இருந்த போலீஸ்காரர் சிரித்தார். "இப்பத்தான் புத்தி வந்துச்சா பெருசு? கொண்டா."

கிழவர் வெறுங்கையோடு நின்றார்.

சொன்னால் பேரன் போனான். சொல்லாவிட்டால் எவனோ ஒருத்தன் பேரன்.

மேட்டில் பிரேயர் மணி அடித்தது.

"எம் பேரங்கிட்ட இருக்குது. மாதேசு. பத்தாவது. ஓடுங்க சாமி. சின்னப் பையன், ஒண்ணும் பண்ணிராதீங்க."

சிரிப்பு நின்றது. போலீஸ்காரர் உள்ளே பார்த்துக் கத்தினார். இரண்டு பேர் பெல்ட்டை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார்கள். சுவரில் சாய்த்திருந்த துப்பாக்கியை ஒருவர் எடுத்துக்கொண்டார்.

கிழவர் அதையே பார்த்தார்.

அது ஒரு வெடியோடு நிற்கிற சாமான் இல்லை.