சீலை இறுக்கிட்டேன்

ஆபரேட்டர் ரெஜினா மாதாமாதம் போனில் சொல்வது ஒன்றுதான்: “சீலை இறுக்கிட்டேன் சார், ஒரு சொட்டு கசியல.” மீனை உறையவைக்கும் ஆலையின் உப்புநீர் பம்புக்கு, கடுங்குளிரைத் தாங்கும்படி நான் வடிவமைத்த சீல் அது. அந்த ஒரு வரிக்காகவே எனக்கு விருது அறிவித்தார்கள். விழாவில் காட்ட, சீலைப் படமெடுக்க ஆலைக்குப் போனேன். என் சீலுக்கு மேல் பூப்போட்ட சேலைக் கிழிசல், கிரீஸில் ஊறிச் சுற்றியிருந்தது.

“சீல் குளிர்ல சுருங்கிருது சார். அதான் என் பழைய சீலை. மூணு வருசமா போன்ல சொல்றேனே...” தப்புச் செய்தவர்போலக் குனிந்துகொண்டார் ரெஜினா. “படத்துக்கு வேணா அவுத்துரட்டா?”

பம்பை நிறுத்தி அவிழ்த்தார். மறுபடி ஓடவிட்டதுமே உப்புநீர் சொட்டத் தொடங்கியது. கேமராவைப் பையில் போட்டுவிட்டு, துணியை வாங்கி நானே சுற்றினேன்.

“அந்தப் பக்கமில்ல சார்,” என்றார், வேறு யாருக்கும் கேட்காத குரலில்.