அரிப்பு மருந்து

“இந்த ஆள் வந்து பெலிகனைத் தூக்கி நிறுத்திடுவானாக்கும்? வேணும்னா பாரு, இன்னியோட மூட்டையைக் கட்டறான்” என்றான் தெருமுனை மளிகைக்கடை சிரிலோ, இடலினா வீட்டுத் தொலைக்காட்சியில் தெரிந்த மேனேஜரைக் காட்டி, வாய் நிறைய வாழைக்காய் வறுவலோடு.

“ஆட்டம் இன்னும் முடியலடா. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு” என்றான் ஃபௌஸ்தோ. ஒரு காலத்தில் அதே பெலிகன் பேஸ்பால் அணியில் ஆடியவன்.

மூட்டை என்றதும் இடலினாவின் கண் கதவோரம் போனது. அங்கே நிஜமாகவே ஒரு பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அவள் கணவர் லியோன்சியோவின் பெட்டி. நாளைக் காலையில் தலைநகரிலிருந்து மகள் வருகிறாள், அப்பாவைக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் இல்லத்தில் சேர்க்க. “அப்பாவுக்கு நீ யாருன்னே தெரியலம்மா. நீ பக்கத்துல இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்” என்று போனில் சொல்லிவிட்டாள். இல்லை என்று மறுத்துப் பேச இடலினாவிடம் ஒரு சாட்சியும் இல்லை.

போன கரும்பு வெட்டுக் காலத்தில் வந்த பக்கவாதம் அவருடைய பேச்சையும் வலக்கையையும் வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஓர் அரிப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. ஆட்கள் இருந்தால் வராது. இவள் அடுப்படிக்கோ கடைக்கோ கிளம்பும் நேரம் பார்த்து வரும். இடக்கையால் காதைத் தொடுவார், செத்துக் கிடக்கும் வலக்கையைத் தேய்ப்பார். உணர்ச்சியே இல்லாத கையில் அரிப்பு எப்படி வரும் என்று கேட்டதற்கு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் இவள் சலிக்காமல் உள்ளே போய் மருந்துப் புட்டியை எடுத்துவந்து தடவிவிடுவாள். அவர் கண்ணில் நீர் கட்டும். எரிகிறது போலிருக்கிறது என்று புட்டியை மாற்றுவாள். இதுவரை எத்தனையோ புட்டி மாற்றியாயிற்று.

தொலைக்காட்சியில் கடைசிச் சுற்று. இதில் தோற்றால் பெலிகனுக்கு இந்த வருஷம் அவ்வளவுதான். வந்து ஒரு மாதம்கூட ஆகாத புது மேனேஜர் ஓஸ்வால்தோவுக்கும் அவ்வளவுதான். சிரிலோவுக்கு அவன்மேல் ஆயிரம் குறை. மற்ற மேனேஜர்கள் பெஞ்சில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள், இவன் மட்டும் மூன்றாவது பேஸ் ஓரத்தில் தானே வந்து நின்று கொசு அடிப்பதுபோலக் கையாட்டுகிறான் என்றான்.

“யார்கிட்ட கத்துக்கிட்டான் அதை? இதோ உட்கார்ந்திருக்காரே, இவர்கிட்டதானே” என்றான் ஃபௌஸ்தோ, நாற்காலியில் இருந்த லியோன்சியோவைக் காட்டி. “அண்ணன் அந்த ஓரத்துல நின்ன காலத்துல கோப்பை நம்ம ஊரை விட்டுப் போனதுண்டா?”

“அண்ணன் காலம் வேற. இப்ப அண்ணனையே பாரேன்” என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டான் சிரிலோ. “தப்பா எடுத்துக்காத அக்கா.”

இடலினா காபியை ஊற்றினாள். அவள் மனம் பழைய மைதானத்தின் மரப்பலகை கேலரிக்குப் போய்விட்டது. புதுப் பெண்டாட்டியாக, ஆரஞ்சு உரித்துக்கொண்டு, மூன்றாவது பேஸுக்கு நேர் பின்னால்தான் உட்காருவாள். லியோன்சியோவின் கைகள் தொப்பி, மூக்கு, பெல்ட் என்று பறக்கும். வாயைத் திறக்காமலே அடிப்பவனுக்கும் ஓடுபவனுக்கும் சேதி போகும். எதிரணிக்காரன் தலையால் தண்ணீர் குடித்தும் அந்த ஜாடை புரிந்ததில்லை. எனக்கு மட்டுமாவது சொல்லேன் என்று அவள் கெஞ்சியிருக்கிறாள். “உன்கிட்ட சொல்றதும் ரேடியோவுல சொல்றதும் ஒண்ணு” என்று சிரிப்பார். அதற்காக ஒரு நாள் முழுக்க அவருக்குச் சோறு போடாமல் கோபித்துக்கொண்டதுகூட உண்டு. அந்தச் சிரிப்பை ஒரே ஒருமுறை கேட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

“அய்யோ, ஏன் நிறுத்தினான்?” சிரிலோ தலையில் அடித்துக்கொண்டான்.

மூன்றாவது பேஸிலிருந்து பாயப்போன பையனை ஓஸ்வால்தோ அங்கேயே நிறுத்திவிட்டிருந்தான். அடுத்த நொடி எதிரணிக்காரன் எறிந்த பந்து, பையன் ஓடிவந்து தொடவேண்டிய வீட்டு பேஸுக்கு நேராக வந்து விழுந்தது. ஓடியிருந்தால் பையன் அவுட், ஆட்டமும் குளோஸ். சிரிலோ இன்னொரு வறுவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அடுத்த பந்தை அடிப்பவன் யாரும் பிடிக்க முடியாத தூரத்துக்குத் தூக்கி அடிக்க, பையன் நிதானமாக ஓடிவந்து வெற்றி ஓட்டத்தை எடுத்தான். தெரு முழுக்கச் சட்டியும் கரண்டியும் தட்டும் சத்தம்.

“சரி, ஆளு தேறுவான்” என்று ஒத்துக்கொண்டான் சிரிலோ, வறுவல் தட்டைக் காலி செய்துவிட்டு.

இருவரும் கிளம்பினார்கள். ஃபௌஸ்தோ குனிந்து லியோன்சியோவின் நெற்றியில் முத்தமிட்டான். நாளை முதல் அந்த நாற்காலி காலி என்பது அவனுக்கும் தெரியும். வாசலில் நின்று சிரிலோ கேட்டான், அந்த நேரத்தில் ஓஸ்வால்தோ பையனுக்கு என்னதான் ஜாடை காட்டினான் என்று.

“அண்ணனோட பழைய ஜாடைதான். மத்ததெல்லாம் எதிராளியை ஏமாத்த. காதைத் தொட்டா மட்டும், அடுத்து வர்றது நெஜம்.” ஃபௌஸ்தோ தன் காதைத் தொட்டான். வலக்கையை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒருமுறை தேய்த்தான். “இப்படின்னா, ‘போகாதே, இங்கேயே இரு’ன்னு அர்த்தம்.”

அவர்கள் தெருவில் இறங்கிப் போனார்கள். இடலினா கதவைப் பிடித்தபடியே திரும்பினாள். லியோன்சியோ கதவோரப் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இடக்கையைத் தூக்கி மெல்லக் காதைத் தொட்டார்.

இத்தனை மாதமாக அவர் போகாதே, போகாதே என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்; ஒவ்வொரு தடவையும் அவள் மருந்து எடுக்க எழுந்து போயிருக்கிறாள்.