முட்டுக்கல்

மிதித்த பிரேக்கை அவன் விடவில்லை. விட்டால் ஜீப் ஓடும்.

முதல் கியரில்தான் வந்துகொண்டிருந்தான். அதற்குக் கீழே இன்னொன்று இல்லை. முன்பெல்லாம் இந்த இறக்கத்தில் அது போதும். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

இன்று பிடிக்கவில்லை.

போன வாரம்தான் நான்கு பெரிய டயர்கள் மாட்டினான். முன்னால் கனத்த இரும்பு பம்பர். மேலே கம்பிக் கூண்டு. மலை பார்க்க வருகிறவர்கள் இப்படிப்பட்ட ஜீப்பைத்தான் தேடுகிறார்கள்.

"டயரும் பெருசாச்சு, எடையும் ஏறிப்போச்சு. பின்னாடி கிரவுன் பல்லையும் மாத்திரு தம்பி, இல்லன்னா இறக்கத்துல கியர் வண்டியப் பிடிக்காது. மாத்தாம ஆள் ஏத்தாத."

பட்டறை ஹனீபா பாய் சொன்னார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று கிளம்பி வந்துவிட்டான்.

பின்னால் ஏலத்தோட்டத்துப் பெண்கள் எட்டுப் பேர். ஆளுக்கொரு விறகுக்கட்டு.

பிரேக்கிலிருந்து கருகல் வாடை வந்தது.

இடப்பக்கம் பாறை. வலப்பக்கம் வெறும் மேகம்.

இறங்கச் சொல்லலாம். ஏற்றத்தில் சொன்னால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். இறக்கத்தில் ஆளை இறக்கிவிட்ட வண்டியில் இந்த மலையில் அப்புறம் எவரும் ஏறமாட்டார்கள்.

பிரேக் மெத்தென்று அமுங்கியது.

மனசுக்குள் அம்மனைக் கூப்பிட்டான். இறங்கச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

"தம்பி, நிறுத்து. எனக்குக் குமட்டுது."

பின்னாலிருந்து ஒச்சம்மாவின் குரல்.

"விடியக்காலையில எட்டு இட்லிய அமுக்குனா குமட்டாம என்ன செய்யும்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள்.

எழுந்து நின்று மிதித்தான். கை பிரேக்கையும் இழுத்தான். ஜீப் முனகிக்கொண்டே நகர்ந்து, நின்றது. நிற்பதற்குள் ஒச்சம்மா குதித்து, முன் சக்கரத்தின் கீழே ஒரு கல்லைத் தள்ளிவிட்டிருந்தாள்.

"நாங்களும் செத்த காத்து வாங்குறோம்ப்பா."

ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். இறங்கும்போது விறகையும் இறக்கிக்கொண்டார்கள்.

காற்று வாங்க யாராவது விறகைச் சுமந்துகொண்டு போவார்களா?

பதினோரு வருஷமாக இந்த ஜீப்பில் வருகிறாள் ஒச்சம்மா. ஒருநாளும் குமட்டியதில்லை.

வாடை அடங்கும்வரை காத்திருந்து, காலைத் தளர்த்தினான். வெறும் வண்டியை முதல் கியர் எப்படியோ பிடித்தது.

மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். இட்லியைச் சொல்லிக் கேலி செய்தவள் தலையில் ஒச்சம்மாவின் கட்டும் சேர்த்து இரண்டு.

ஒச்சம்மா மட்டும் போகவில்லை. பாறை ஓரமாக, முன் சக்கரத்துக்கு இணையாக நடந்து வந்தாள். அந்தக் கல்லைப் பிள்ளையைப் போல் இடுப்பில் வைத்திருந்தாள்.

இரண்டு இடத்தில் ஜீப் உந்தியது. இரண்டு இடத்திலும் குனிந்து கல்லை வைத்தாள். மறுபடி எடுத்துக்கொண்டாள்.



அடிவாரம் வந்ததும், யார் காலிலும் இடறாதபடி கல்லை ஓரமாகப் போட்டாள். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கும் குமட்டுமா தம்பி?"



இருக்கைக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, புது பம்பரைக் கழற்ற அதன் முன்னால் மண்டியிட்டான்.