முதலையின் முதுகு

“அந்த முதலையை விட்டுடாதே, விஜயா. அது தம்புசாமிதான்.”

சேவல் வேஷத்துக்குள்ளிருந்து ராதாகிருஷ்ணன் மூச்சு வாங்கச் சொன்னான். பக்கத்தில் கரடி வேஷத்தில் ஓடிய விஜயனுக்கு அதைவிட மோசமாக வாங்கியது.

“மூஞ்சியே தெரியலை. உனக்கு எப்படி லா தெரியும்?”

“போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ் தையல்கடையிலேர்ந்து பச்சை வாலோட அந்த வேஷத்தை மோட்டார்சைக்கிள்ல வச்சுக் கட்டிக்கிட்டுப் போனான். என் கண்ணால பார்த்தேன். உயரத்தைப் பாரு, அதே குள்ளம்.”

தீம் பார்க் திறந்து ஒரு வருஷம் ஆனதற்காக வேஷம் கட்டி ஓடும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். பார்க்கை ஏழு முறை சுற்ற வேண்டும். முடிவுக் கோட்டைத் தாண்டும்வரை முகத்தைக் காட்டக் கூடாது. காட்டினால் ஆட்டத்தில் இல்லை. இது ஐந்தாவது சுற்று. ராட்டினத்தைத் தாண்டி முதலையின் வால் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது.

“எனக்கு முடியாது. நீ போ,” என்று கரடி ஐஸ்கிரீம் கடை நிழலில் உட்கார்ந்துவிட்டது.

ராதாகிருஷ்ணன் உட்காரவில்லை. அவனும் தம்புசாமியும் கிள்ளான் துறைமுகத்தில் ஒரே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள். மூன்று வருஷமாகத் தொழிலாளர் ஓட்டத்தில் தம்புசாமி முன்னால், இவன் பின்னால். கேன்டீன் சுவரில் தம்புசாமி கோப்பையோடு சிரிக்கிற படம். அதன் கீழே உட்கார்ந்தால் இவனுக்கு நாசி லெமாக் சோறுகூடத் தொண்டையில் இறங்காது. வேறு பெயரெல்லாம் வேண்டாம், சுத்தமான பொறாமைதான்.

பண்டமாரானில் வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு.

“ஏங்க, மேடு ஏறும்போது தம்புசாமி அண்ணன் எப்படி மூச்சு விடுறாரு? ஓடுறதுக்கு முன்னாடி என்ன சாப்பிடுறாரு?” என்று இராஜம்மா கேட்பாள். கட்டின பெண்டாட்டி வாயிலேயே அவன் பெயர் வந்தால் வயிறு எரியுமா எரியாதா?

“அவனையே போய்க் கேளு,” என்பான் இவன்.

ஒரு நாள், “நானும் ஓடட்டுமாங்க?” என்றுகூடக் கேட்டாள்.

“உனக்கு எதுக்கு இந்த வேலை? போய்க் கோயிலைச் சுத்து. புண்ணியமாவது கிடைக்கும்.”

சொன்ன பேச்சைத் தட்டாதவள். மறுநாளே நாற்பத்தெட்டு நாள் வேண்டுதலை ஆரம்பித்துவிட்டாள். விடியும் முன்னே கோயிலுக்குப் போய் தினம் நூற்றெட்டுச் சுற்று. பாதமெல்லாம் கொப்புளம், மஞ்சள் அரைத்துப் பூசிக்கொள்வாள். தன் வெற்றிக்காகத்தான் என்று ராதாகிருஷ்ணனுக்கு உள்ளூரப் பெருமை. இன்று கடைசி நாள் என்பதால் ஓட்டம் பார்க்க வரமுடியாது என்று சொல்லிவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் அவளிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தான்: “தம்புசாமி முதலை வேஷத்துல வரான். அந்த முதலை எனக்கு முன்னால கோட்டைத் தாண்டட்டும், ஒரு வருஷத்துக்கு காலையில பசியாற நானே செஞ்சு போடறேன்.”

“பேச்சு மாற மாட்டீங்களே?” என்று மட்டும் கேட்டாள்.

ஆறாவது சுற்றில் தொங்குபாலத்தில் முதலையை எட்டிப் பிடித்தான். அந்த நேரம் பார்த்து சேவல் கொண்டை கண்ணை மறைக்க, கால் தடுக்கிக் குப்புற விழுந்தான்.

முதலை நின்றது. திரும்பி வந்தது. கையைப் பிடித்துத் தூக்கி, கொண்டையை நிமிர்த்தி, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டது.

“உன் பாவம் புண்ணியமெல்லாம் எனக்கு வேண்டாம் லா, போடா,” என்று சீறினான். விழுந்ததுகூட வலிக்கவில்லை. அவன் கையால் எழுந்ததுதான் வலித்தது.

முதலை தோளைக் குலுக்கிவிட்டு ஓடியது.

ஏழாவது சுற்றில் ராதாகிருஷ்ணன் உயிரைக் கொடுத்து ஓடினான். வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. அலைக்குளத்தருகே இருபது அடி, டிக்கெட் கவுன்டரில் பத்து அடி. வாலைக் கையால் பிடித்துவிடலாம் போலிருந்தது. அதற்குள் முதலை கோட்டைத் தாண்டிவிட்டது.

புல்லில் மல்லாந்து விழுந்தான். நாலாவது வருஷம். சேவல் தலைக்குள் அவன் அழுதது யாருக்கும் தெரியவில்லை.

“ராதா, நீதானே சேவல்? ஓடுறதைப் பார்த்தே தெரிஞ்சுது. இன்னிக்கு உன்னைப் பிடிக்கவே முடியலை லா.”

தெரிந்த குரல். தலையைத் தூக்கிப் பார்த்தான். அப்போதுதான் கோட்டைத் தாண்டி வந்த ஒரு யானை, தலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தள்ளாடி நின்றது. தம்புசாமி.

“நீயா? எனக்குப் பின்னாலயா வந்தே?” ராதாகிருஷ்ணன் துள்ளி எழுந்தான். மூன்று வருஷத்து எரிச்சல் ஒரே நொடியில் குளிர்ந்துபோனது. சேவல் தலையைக் கழற்றி வீசினான். “ஜெயிச்சிட்டேன் தம்பு. உன்னை ஜெயிச்சிட்டேன். ஆனா அந்த முதலை? தையல்கடையிலேர்ந்து நீதானே கொண்டு போனே?”

“ஆமா. போற வழிதானேன்னு கடைக்காரர் கொடுத்து விட்டாரு. உன் வீட்டுலதானே கொண்டு போய்க் கொடுத்தேன்,” என்றான் தம்புசாமி.

முதலை மெல்லத் தன் தலையைக் கழற்றியது. வியர்வையில் கரைந்த குங்குமத்தோடு இராஜம்மா சிரித்தாள்.

“நீங்கதானேங்க கோயிலைச் சுத்தச் சொன்னீங்க? நாற்பத்தேழு நாளும் ஓடியே சுத்தினேன். நாளைக்குப் பசியாறத் தோசை சுட்டுடுங்க.”